கணையத்தில் பெரிய அறுவை சிகிச்சை: அறுவை மருத்துவரை எதை வைத்து நம்புவது?

கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி இருக்கிறது, விப்பிள் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று சொல்லப்பட்டு, யாரிடம் செய்துகொள்வது என்று தவிக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். வயிற்றில் செய்யப்படும் அறுவை சிகிச்சைகளிலேயே மிகக் கடினமானவற்றுள் இதுவும் ஒன்று. கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் ஒரு பகுதி ஆகியவற்றை எடுத்துவிட்டு, கணையத்தையும் பித்தநாளத்தையும் இரைப்பையையும் சிறுகுடலோடு மீண்டும் இணைக்க வேண்டும். பல மணி நேரம் பிடிக்கும் இந்த வேலை யார் கையில், எந்த இடத்தில் நடக்கிறது என்பது உயிரோடு தொடர்புடைய கேள்வி.

பெரும்பாலோருக்கு இதை விசாரிக்கச் சில நாட்களாவது இருக்கின்றன. மஞ்சள் காமாலையோடு குளிர்க்காய்ச்சலும் சேர்ந்துவிட்டால் மட்டும் காத்திருக்கக் கூடாது. பித்தநாளத்தில் கிருமி பரவியிருக்கலாம், அன்றே மருத்துவமனையில் சேர வேண்டும். மற்றபடி, "நாளைக்கே செய்தாக வேண்டும், இன்றே பணம் கட்டுங்கள்" என்று அவசரப்படுத்தும் இடத்தில் அந்த அவசரத்துக்கு மருத்துவக் காரணம் என்ன என்று நேராகவே கேளுங்கள்.

பட்டமும் பதிவும் எளிதில் சரிபார்க்கக்கூடியவை. மருத்துவர் தம் பதிவு எண்ணை மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் குறிப்பிட வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. அந்த எண்ணை மருத்துவ கவுன்சிலின் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். இரைப்பை குடல் அறுவை சிகிச்சையில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான உயர்பட்டம், அல்லது புற்றுநோய் அறுவையில் அத்தகைய பயிற்சி இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் பட்டம் நுழைவுச் சீட்டு மட்டுமே. அந்தத் தகுதி உள்ளவர்களிலும் இந்த அறுவை சிகிச்சையை அடிக்கடி செய்பவர்கள் சிலர்தான்.

எத்தனை பேருக்குச் செய்கிறார்கள் என்ற எண்ணிக்கை மிகவும் முக்கியம். அமெரிக்காவில் முதியோர் காப்பீட்டுப் பதிவுகளைக் கொண்டு 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாக ஆண்டுக்கு ஒரு கணைய அறுவைகூடச் செய்யாத மருத்துவமனைகளில் 16.3 சதவீதம் பேர் இறந்தார்கள். ஆண்டுக்கு 16-க்கு மேல் செய்த மருத்துவமனைகளில் 3.8 சதவீதம் பேர். வேறு பல அறுவை சிகிச்சைகளில் இடைவெளி இவ்வளவு பெரிதாக இல்லை. நியூயார்க் மாநிலத்தில் இதய பைபாஸ் செய்யும் ஒவ்வொரு மருத்துவரின் முடிவுகளும் பெயரோடு பொதுவில் வெளியிடப்படுகின்றன. நம் ஊரில் அப்படி எதையும் எடுத்துப் பார்க்க வழியில்லை என்பதால், நேரில் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

மரியாதை குறையாமல் கேட்கலாம்: "டாக்டர், போன வருஷம் இந்த ஆபரேஷனை நீங்க எத்தனை பேருக்குச் செஞ்சீங்க? அதுல எத்தனை பேருக்கு லீக் ஆச்சு? டிஸ்சார்ஜ் ஆகாம இறந்தவங்க உண்டா?" இந்தக் கேள்வியைக் கேட்க நம் வீடுகளில் பெரும் தயக்கம் இருக்கிறது. டாக்டரைச் சந்தேகிப்பதாக ஆகிவிடுமோ, அந்தக் கோபம் ஆபரேஷன் தியேட்டரில் காட்டப்படுமோ என்றெல்லாம் பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். இந்தத் துறையில் நன்றாகப் பழகியவருக்கு இது அன்றாடக் கேள்வி. கேட்டதற்காக அவர் உங்களைத் தாழ்வாக நினைக்க மாட்டார்.

பதிலை எப்படி எடைபோடுவது? கணையத்தையும் குடலையும் சேர்த்துத் தைத்த இடத்தில் கசிவது எவ்வளவு தேர்ந்த கைக்கும் நேரும். பெரிய மையங்களிலேயே பத்துப் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ தொந்தரவு தரும் அளவுக்குக் கசிவு ஏற்படுகிறது. ஆகையால், "என் கையில் லீக்கே ஆனதில்லை" என்று ஒருவர் சொன்னால், அவர் செய்தது மிகக் குறைவு, அல்லது கணக்கு வைத்துக்கொள்ளவில்லை, அல்லது உங்களிடம் உண்மையைச் சொல்ல விரும்பவில்லை. மாறாக, "இத்தனை பேருக்குச் செய்தோம், இத்தனை பேருக்குக் கசிந்தது, ஒருவரை இழந்தோம், அது இப்படி நடந்தது" என்று தயங்காமல் சொல்பவரிடம் நான் கூடுதல் நம்பிக்கை வைப்பேன். பொதுவான சதவீதத்தோடு நிறுத்தாமல், "உங்க அப்பாவுக்குக் கணையம் மென்மையா இருக்கு, அதன் குழாயும் மெல்லிசு, அதனால கசியற வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்" என்று உங்கள் நோயாளியைப் பற்றியே ஒருவர் பேசினால், அவர் ஸ்கேனைத் தாமே கவனமாகப் பார்த்திருக்கிறார் என்று பொருள்.

அந்த ஸ்கேனை அவர் எப்படிப் பார்க்கிறார் என்பதையும் கவனியுங்கள். உறைக்குள் இருக்கும் எழுத்து அறிக்கையை மட்டும் படித்துவிட்டுத் தேதி குறிப்பவர்கள் உண்டு. குறுந்தகட்டைக் கணினியில் போட்டு, படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, குடலுக்குச் செல்லும் பெரிய தமனிக்கும் கட்டிக்கும் நடுவே கொழுப்புப் படலம் தெளிவாகத் தெரிகிறதா என்று விரலால் சுட்டிக் காட்டுபவர்களும் உண்டு. கட்டியை இப்போதே எடுக்க முடியுமா, முதலில் கீமோதெரபி கொடுத்துச் சுருக்க வேண்டுமா என்பது பெரும்பாலும் அந்த ஓர் இடத்தைப் பார்த்துத்தான் முடிவாகிறது. புற்றுநோய் மருத்துவர், கதிரியக்க மருத்துவர் ஆகியோரோடு ட்யூமர் போர்டில், அதாவது பல துறை மருத்துவர்கள் கூடிப் பேசும் கூட்டத்தில், அமர்ந்து இந்தப் படங்களைப் பேசினார்களா என்றும் கேளுங்கள்.

குடும்பங்கள் அநேகமாக மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு. அதைத்தான் நான் முதன்மையாகக் கருதுகிறேன்: அறுவை முடிந்த பின், இரவில் யார் இருப்பார்கள்? அமெரிக்க மருத்துவமனைகளை ஒப்பிட்ட 2009-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, இறப்பு அதிகமான இடங்களிலும் குறைவான இடங்களிலும் பெரிய அறுவைகளுக்குப் பின் சிக்கல்கள் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வருகின்றன என்று காட்டியது. பெருஞ்சிக்கல் வந்தவர்களில், இறப்பு அதிகமான இடங்களில் 21.4 சதவீதம் பேரும் குறைவான இடங்களில் 12.5 சதவீதம் பேரும் இறந்தார்கள். வந்த சிக்கலை நேரத்தில் கண்டுபிடித்து மீட்பதில்தான் அந்த இடைவெளி இருந்தது.

விப்பிள் அறுவையில் இது கண்கூடு. முதல் வாரத்தில் கசிவு தலைகாட்டும். நாடித்துடிப்பு ஏறும், காய்ச்சல் வரும், வயிற்றில் சேரும் நீரை வெளியேற்ற வைத்திருக்கும் ட்ரெயின் குழாயில் வரும் நீரின் நிறம் மாறும். கசிந்த கணையநீர் அருகிலுள்ள தமனியை அரித்தால், ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்துக்கூட, அந்தக் குழாயில் சிறிதளவு ரத்தம் தெரியும். பார்ப்பதற்கு அற்பமாக இருக்கும். ஆனால் சில மணி நேரத்தில் வரக்கூடிய பெருங்குருதிப்போக்குக்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம். அப்போதே ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேன் எடுத்து, கம்பிவழியாக அந்த ரத்தக்குழாயை அடைக்கத் தெரிந்த கதிரியக்க மருத்துவர் அதே வளாகத்தில் இருக்க வேண்டும். ஆகவே இப்படிக் கேளுங்கள்: "ராத்திரி ரெண்டு மணிக்கு ட்ரெயின்ல ரத்தம் வந்தா முதல்ல யார் வந்து பார்ப்பாங்க? அடைக்கறதுக்கு இங்கேயே ஆள் இருக்காங்களா, வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீங்களா?"

பெரிய நகரத்திலிருந்து வந்து அறுவை செய்துவிட்டு அன்றிரவே திரும்பிவிடும் வருகைதரு மருத்துவரிடம் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். அவர் கைத்திறனில் குறையே இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஐந்தாம் நாள் இரவில் பக்கத்தில் இருக்கப்போகிறவர் டியூட்டி டாக்டர்தான் என்றால், நீங்கள் நம்ப வேண்டியது அந்த டியூட்டி டாக்டரையும் செவிலியரையும் ஐ.சி.யூ.வையும்தான். அத்தகைய ஏற்பாட்டை இவ்வளவு பெரிய அறுவைக்கு நான் ஏற்க மாட்டேன்.

மயக்க மருத்துவரையும் முன்கூட்டியே சந்தித்துவிடுங்கள். இதய நிலை, மூச்சு, சர்க்கரை, ரத்தத்தை இளக்கும் மாத்திரைகள், நாட்டு மருந்துகள் என எல்லாவற்றையும் அவரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலைத் தியேட்டரில் பின்பற்றுகிறார்களா என்று அவரிடமே கேட்கலாம். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் அதைச் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது.

இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது நோயாளியின் உரிமை. மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் விதி. முதல் மருத்துவர் பரிந்துரைக்காத, வேறு மருத்துவமனையைச் சேர்ந்த ஒருவரிடம் போங்கள். முந்தைய முடிவைச் சொல்வதற்கு முன் படங்களைக் கொடுத்து அவர் கருத்தைக் கேளுங்கள். "தாராளமாகக் காட்டுங்கள், அவர் சொல்வதை எனக்கும் சொல்லுங்கள்" என்பவரை விட்டுவிடாதீர்கள். முகம் சுளிப்பவர், சிக்கல் வரும்போதும் அடுத்தவர் உதவியைக் கேட்கத் தாமதிப்பாரோ என்ற அச்சம் எனக்கு எழும்.

அன்பான பேச்சு, ரோபோ இயந்திரத்தின் விளம்பரம், பளபளக்கும் கட்டடம் ஆகியவற்றில் எதுவும் மேற்சொன்ன கேள்விகளுக்குப் பதிலாகாது. சென்னை ஸ்டான்லி, மதுரை ராஜாஜி போன்ற அரசு மருத்துவமனைகளில் இரைப்பை குடல் அறுவைக்கென்றே தனித் துறைகள் இருக்கின்றன. அங்கே ஓ.பி. கூட்டத்தில் இரண்டு நிமிடப் பேச்சுதான் கிடைக்கலாம். அதைப் பார்த்து ஒதுக்கிவிடாமல், மாலையில் வார்டுக்குப் போய் உதவிப் பேராசிரியரிடமோ பயிற்சி மருத்துவரிடமோ இதே கேள்விகளைப் பொறுமையாகக் கேளுங்கள்.

கையெழுத்து விஷயத்தில் நம் குடும்பங்கள் செய்யும் ஒன்று எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. "அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க" என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, மகனே படிவத்தில் கையெழுத்திடுகிறார். வயிற்றைத் திறந்த பின் நோய் பரவியிருப்பது தெரிந்தால், கட்டியை எடுக்காமல் பித்தத்துக்கு மாற்றுவழி மட்டும் அமைத்து மூடிவிட நேரும். அந்த நிலையில் தமக்கு என்ன வேண்டும் என்பதை நோயாளிதான் முன்னரே சொல்லியிருக்க வேண்டும். ஒரு சிகிச்சைக்குத் தந்த ஒப்புதலை, உயிரைக் காக்கும் அவசரம் இல்லாதபோது, இன்னொன்றுக்கு நீட்டிக்க முடியாது என்றும், தாமே முடிவெடுக்கக்கூடிய நோயாளிக்காகத் தாய் தரும் ஒப்புதல் செல்லாது என்றும் உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. நோயாளியை உட்காரவைத்து, அவருக்குப் புரியும் தமிழில், அவர் தாங்கும் வேகத்தில் விளக்க முன்வரும் மருத்துவரே நம்பத் தக்கவர்.

மருத்துவமனையை மாற்றத் தீர்மானித்தால், மஞ்சள் காமாலையைக் குறைக்கப் பித்தநாளத்தில் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைப்பதற்கு முன்பே மாற்றிக்கொள்வது நல்லது. ஸ்டென்ட் வைத்த பின் எடுக்கும் ஸ்கேனில் கட்டியின் எல்லை தெளிவாகத் தெரியாமல் போகலாம். விரைவில் அறுவை செய்ய முடிகிற பலருக்கு அது தேவைப்படாமலும் இருக்கலாம், வைத்தால் கிருமித்தொற்றும் கூடலாம். எனவே ஈ.ஆர்.சி.பி.க்கு, அதாவது எண்டோஸ்கோப் வழியாக ஸ்டென்ட் வைக்கும் சிகிச்சைக்கு, தேதி கொடுக்கப்பட்டிருந்தால், ஸ்கேன் குறுந்தகட்டையும் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் எடுத்துக்கொண்டு, அந்தத் தேதிக்கு முன்பாகவே அறுவை செய்யப்போகும் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.