வளைவெல்லாம் இடைவெளி அல்ல

போன வாரம் வாலிநோக்கத்திலிருந்து ஒரு முதுகலை மாணவி மண்டபத்தில் என் வீட்டுக்கு மடிக்கணினியோடு வந்தார். வெளியூர் ஆய்வகத்தில் ஒரு மீக்கடத்தியை (குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் பொருள்) அளந்து எடுத்த அகச்சிவப்பு எதிரொளிப்பு வரைகோடு. "சார், இடைவெளி கிடைச்சிருச்சு" என்றார். மீக்கடத்தியில் இணைந்திருக்கும் எலக்ட்ரான்களைப் பிரிக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்தான் இடைவெளி. 500 செ.மீ⁻¹ (அலை எண், ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலை என்பது) பக்கம் சிவப்பு அம்புக்குறி. இருபது வருடத்துக்கு முன்னால் நானும் அதே இடத்தில்தான் அம்பு போட்டேன். இந்த அளவீட்டில் நடக்கும் தவறுகளைத்தான் சொல்லப்போகிறேன். கருவியை உலர்த்தாமல் அளப்பது போன்றவற்றை எல்லோரும் சொல்வார்கள், விட்டுவிடுகிறேன்.

முதல் வளைவையே இடைவெளி என்பது

நியோபியம் 9.2 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தி. அதில் கூப்பர் இணையை (இணைந்து ஓடும் இரண்டு எலக்ட்ரான்கள்) பிரிக்க வேண்டிய ஆற்றல், அதாவது இடைவெளி, 2Δ, ஏறத்தாழ 3 மில்லி எலக்ட்ரான்வோல்ட். அலை எண்ணில் 25 செ.மீ⁻¹. நன்றாகக் குளிர்ந்த நிலையில் அதற்குக் குறைந்த ஆற்றலுள்ள ஒளியை உறிஞ்ச வழியில்லை, அப்படியே திருப்பிவிடும். அந்த எல்லையைத் தாண்டினால் எதிரொளிப்பு இறங்கும்.

ஆனால் நல்ல உலோகம் சாதாரண நிலையிலேயே அந்தப் பகுதியில் 99 விழுக்காடு அளவுக்குத் திருப்புகிறது. இறக்கம் கண்ணுக்குத் தெரிய, எலக்ட்ரான்களின் சிதறல் வீதம் 2Δ அளவுக்காவது இருக்க வேண்டும். மிகத் தூய படிகத்தில் அது இருக்காது. உப்பளக் குவியலில் இன்னொரு கைப்பிடி உப்பைப் போட்டால் யாருக்குத் தெரியும்?

நான் அளந்தது இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு. 92 கெல்வினில் மீக்கடத்தியாவது. 500 செ.மீ⁻¹-ஐ அந்த வெப்பநிலையின் ஆற்றலால் வகுத்தேன், 8 வந்தது. மீக்கடத்தலை விளக்கும் பிசிஎஸ் கோட்பாடு அதே விகிதத்துக்குத் தரும் எண் 3.53. 'வலுவான பிணைப்பு' என்று பக்கம் பக்கமாக எழுதினேன். ஏழு மாத உழைப்பு. வாய்மொழித் தேர்வில் ஒரே கேள்வி: "100 கெல்வினில் இந்த வளைவு இல்லையா?" இருந்தது. என் கோப்பிலேயே இருந்தது, நான்தான் திறந்து பார்க்கவில்லை. தூய நிலையில் இடைவெளி தெரியாது என்று 1990-லேயே இதே பொருளில் காட்டியிருந்தார்கள். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

அம்பு போடுமுன் எல்லா வெப்பநிலை வரைகோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். பிசிஎஸ் இடைவெளி, பொருள் மீக்கடத்தியாகும் மாறுநிலை வெப்பநிலையை நெருங்க நெருங்கச் சுருங்கி அங்கே மறையும். அதற்கு மேலும் நகராமல் நிற்பது படிக அதிர்வாகவோ வேறெதுவாகவோ இருக்கலாம், இடைவெளி என்று சொல்ல முடியாது. மாணவியிடம் 100 கெல்வின் அளவீடே இல்லை. எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.

வேறொரு கண்ணாடியோடு ஒப்பிடுவது

99-க்கும் 100-க்கும் இடையிலான அந்த ஒரு விழுக்காட்டுக்காகத்தான் இவ்வளவு பாடும், வேறொரு கண்ணாடியை அளவுகோலாக வைத்தால் அது பிழையிலேயே மறைந்துவிடும். மாதிரியின் மேலேயே, அது இருக்கும் இடத்திலேயே தங்கத்தை ஆவியாக்கிப் பூசி மறுபடி அளங்கள்.

வெற்றிடக் கசிவு

வெற்றிட அறையில் மிகக் குளிர்ந்தவற்றில் ஒன்று உங்கள் மாதிரி. கசிந்து வரும் ஈரம் அதன்மேல் பனியாகப் படியும். பனியின் உறிஞ்சல் 220–230 செ.மீ⁻¹ பக்கம் தெரியும்.

கிராமர்ஸ்–க்ரோனிக்

எதிரொளிப்பிலிருந்து கடத்துத்திறன் போன்றவற்றைக் கணக்கிடும் இந்த முறைக்கு எல்லா அலை எண்களிலும் அளவு வேண்டும். அளக்காத பகுதிக்கு நீங்கள் ஊகித்துப் போட்டது விடையிலும் வரும்.