குன்றுக்கோட்டைகள் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோமானியர் கால பிரிட்டன் பற்றிப் புதிதாக எழுத வருகிறவர்களின் கட்டுரைகளைத் திருத்துவது என் வழக்கம். ஆண்டு, பெயர்ப் பிழைகளைத் தேடித் திருத்திக்கொள்ளலாம், அவற்றை விடுங்கள். ரோமானியர் வருவதற்கு முன் உள்ளூர் மக்கள் குன்றுகளின் மேல் மண்கரையும் அகழியுமாக எழுப்பிய கோட்டைகளைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் தவறான கதைகள்தான் இங்கே.

மேடன் காசில் 'படுகொலை'

இதுதான் எனக்கு எரிச்சல். மேடன் காசில் தென் இங்கிலாந்தின் டார்செட்டில் உள்ள ஒரு குன்றுக்கோட்டை. கி.பி. 43 வாக்கில் ரோமானியத் தளபதி வெஸ்பாசியனின் படை வந்தது, கிழக்கு வாசலை உடைத்தது, அங்கிருந்த டுரோட்ரிகஸ் இனக்குழு மக்களை வெட்டிச் சாய்த்தது என்று எல்லோரும் ஒரே கதையை எழுதுகிறார்கள். அண்மையில் ஒரு மாணவர் கூரை எரியும் நாற்றம் வரை வர்ணித்திருந்தார். ஆதாரம் கேட்டால், "முதுகெலும்பில் அம்பு இருக்கிறதே சார்" என்கிறார்.

இருக்கிறதுதான். 1934 முதல் 1937 வரை தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது கிடைத்த எலும்புக்கூடு அது. அந்த இரும்பு முனை எறிபொறி அம்பா, சாதாரண ஈட்டியா என்பதிலேயே தகராறு. வீலர் அந்த இடத்தைப் போர்க் கல்லறை என்றார், பிணங்களை அவசர அவசரமாகப் புதைத்தார்கள் என்றார். ஆனால் குழிகளில் பானையும் இறைச்சியும் வைத்திருக்கிறார்கள், எதிரி வாசலில் நிற்கும்போது யாராவது இவ்வளவு சடங்கு பார்ப்பார்களா? 2025-இல் போர்ன்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கரிமக் காலக்கணிப்பு கதையை முடித்தே விட்டது. கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கம் வரை, பல பத்தாண்டுகளில் தனித்தனியாக நடந்த வன்முறைகளில் செத்தவர்கள் இவர்கள். உள்ளூர்ப் பகை என்றுதான் தோன்றுகிறது.

வெஸ்பாசியன் 20-க்கும் மேற்பட்ட கோட்டைகளைப் பிடித்தார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதியிருக்கிறார், சரி. எவை என்று சொல்லவில்லையே! அந்த இடைவெளியில்தான் ஆளாளுக்கு மேடன் காசிலைச் செருகுகிறார்கள். ரோமானியர் தாக்கினார்கள் என்று எழுதியே ஆக வேண்டுமென்றால் அதே டார்செட்டில் ஹாட் ஹில் என்ற குன்றுக்கோட்டை இருக்கிறது. அங்கே ஒரு குடிசையைச் சுற்றி எறிபொறி அம்புமுனைகள் கொத்தாகக் கிடைத்தன, கோட்டையின் மூலையிலேயே ரோமானியர் முகாமும் போட்டார்கள்.

எல்லாக் கோட்டையும் ரோமானியருக்காகக் காத்திருந்ததாம்

ஹாம்ப்ஷயரில் உள்ள டேன்பரி கோட்டை, ரோமானியர் வருவதற்கு முன், கி.மு. 100 வாக்கிலேயே பெரும்பாலும் காலி.

கோட்டை என்றால் குன்றின் மேல்தான் இருக்குமாம்

காமுலோடுனத்துக்கு, அதாவது இன்றைய கோல்செஸ்டருக்கு, குன்று கிடையாது. கிலோமீட்டர் கணக்கில் நீளும் மண்கரையும் அகழியும்தான்.

எல்லா இனக்குழுவும் ரோமை எதிர்த்ததாம்

வட இங்கிலாந்தின் பிரிகான்டீஸ் இனக்குழுவின் அரசி கார்டிமாண்டுவா, கி.பி. 51-இல் தன்னிடம் அடைக்கலம் தேடி வந்த, ரோமை எதிர்த்துப் போராடிய தலைவன் காரடாகஸைப் பிடித்து ரோமானியரிடமே கொடுத்தாள். அவளுடைய இருப்பிடமாகக் கருதப்படும், வட யார்க்ஷயரின் ஸ்டான்விக் கோட்டையில் ரோமானிய ஆடம்பரப் பொருட்கள் கிடைத்திருக்கின்றன. அந்த ஸ்டான்விக்கையும், ரோமை எதிர்த்த அவள் கணவன் வெனூட்டியஸின் கோட்டை என்று 1950-களில் சொன்னவர் வேறு யாருமில்லை, நம்ம வீலர்தான்.