இருண்ட ஃபோட்டான் வரைபடத்தைப் படிப்பது எப்படி

இருண்ட ஃபோட்டான் என்பது, ஒளித்துகளான ஃபோட்டானைப் போன்றதாகக் கருதப்படும், இதுவரை கண்டறியப்படாத கற்பிதத் துகள். அதைத் தேடும் ஆய்வுக் கட்டுரைகளில் வண்ணத் திட்டுகள் நிறைந்த வரைபடம் ஒன்று தவறாமல் இடம்பெறும். அதைப் படிக்கப் பழகிவிட்டால் கட்டுரையின் சாரம் கைக்கு வந்துவிடும்.

முதலில் அச்சுகளைக் கவனியுங்கள். கிடை அச்சு அத்துகளின் நிறையைக் காட்டும். செங்குத்து அச்சு, அது சாதாரண ஃபோட்டானோடு எந்த அளவுக்குக் கலக்கிறது என்பதைக் குறிக்கும் எப்சிலானைக் காட்டும். இக்கலப்புக் கருத்தை 1986-இல் இயற்பியலாளர் பாப் ஹோல்டம் முன்வைத்தார். அளவுகோல் மடக்கையில், அதாவது பத்துப் பத்து மடங்காக ஏறும் வகையில், இருக்கும். எப்சிலான் பத்து மடங்கு குறைந்தால், துகள் உருவாகும் வாய்ப்பு நூறு மடங்கு குறையும் என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

வண்ணம் தீட்டிய பகுதி கண்டுபிடிப்பு அன்று. தேடியும் கிடைக்காததால் விலக்கப்பட்ட பகுதி. பலரும் தடுமாறுவது இங்கேதான்.

அடுத்து, துகள் எவ்வாறு சிதையும் எனக் கருதியிருக்கிறார்கள் என்று பாருங்கள், ஏனெனில் அந்த அனுமானம் மாறினால் எல்லைக்கோடும் மாறிவிடும். செர்ன் ஆய்வகத்தின் என்ஏ64 சோதனை, எலக்ட்ரான் கற்றையை இலக்கில் மோதவிட்டு, ஆற்றலில் பெரும்பங்கு தடயமின்றி மறைகிறதா எனப் பார்க்கிறது. இது கருவிகளுக்குப் புலப்படாத சிதைவுக்கான தேடல். மாறாக, துகள் எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் கொண்ட இணையாகச் சிதைய வேண்டுமெனில், அதன் நிறை அவ்விரண்டின் மொத்த நிறையான 1.022 எம்இவி-க்கு (மெகா எலக்ட்ரான்வோல்ட்) மேல் இருந்தாக வேண்டும்.