பரிசுக்கு ரீஃபர்பிஷ்டு ஐபேட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீறல், கேமரா, ஸ்பீக்கர் எல்லாம் யாரும் சொல்லாமலே பார்ப்பீர்கள். அதற்கு அப்பால் பணம் போகும் இடங்கள் இவை.

ஹோம் ஸ்கிரீனைப் பார்த்துப் பணம் கொடுப்பது

கடைக்காரர் ஆன் செய்து நீட்டுகிறார். யூடியூப் ஓடுகிறது, டச் நன்றாக இருக்கிறது. பில் போடும்போது ஒரு வார்த்தை: "ரீசெட் மட்டும் பண்ணிடாதீங்க சார்." அதைக் கேட்டதும் எழுந்து வந்துவிடுங்கள்.

கம்பெனிகளும் பள்ளிகளும் மொத்தமாக வாங்கும் ஐபேடுகளின் சீரியல் நம்பர், ஆப்பிள் சர்வரில் அந்த நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கும். அதை நீக்காமலே கழித்துவிட்டால், கைமாறி வருபவை அந்தப் பதிவோடுதான் வரும். விற்பவர் ஒரு சாஃப்ட்வேரால் பூட்டுத் திரையைத் தாண்டிவிடுகிறார். சர்வரில் பதிவு அப்படியே இருக்கிறது. பரிசு வாங்கிய பிள்ளை என்றைக்கோ ரீசெட் செய்து வைஃபை கொடுத்ததும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்று வந்து நிற்கும். அதை அந்த நிறுவனம்தான் விடுவிக்க முடியும். உங்கள் கடை பில்லைக் காட்டி ஒன்றும் நடக்காது. தெரிந்தே இப்படி விற்பதற்கு 'ரீஃபர்பிஷ்டு' என்று பெயர் வைப்பதுதான் எரிச்சல்.

ஆகவே கடையிலேயே, கண் முன்னால்: செட்டிங்ஸ், ஜெனரல், 'டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் ஐபேட்', 'இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்'. 'ஹலோ' வந்ததும் உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, ஹோம் ஸ்கிரீன் வரை போங்கள். ஆப்பிள் ஐடி (இப்போது 'ஆப்பிள் அக்கவுன்ட்') கேட்கும் இடத்தைத் தவிர்த்துவிடலாம். நடுவே 'ரிமோட் மேனேஜ்மென்ட்' வந்தாலோ, 'ஐபேட் லாக்ட் டு ஓனர்' என்று பழைய உரிமையாளரின் பாஸ்வேர்டு கேட்டாலோ, வேண்டாம். வைஃபை இல்லாமல் செய்யும் சோதனை சோதனையே அல்ல.

ஜிபியை மட்டும் கேட்பது

எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். 2019-இல் வந்த 7-ஆம் தலைமுறைக்கு ஐபேடின் இயங்குதளமான ஐபேட்ஓஎஸ் 26 கிடையாது. 8-ஆம் தலைமுறைக்கு உண்டு. ஆனால் அதிலும் 32 ஜிபி மாடல் படிக்கிற பிள்ளைக்குப் போதாது. செட்டிங்ஸ், ஜெனரல், 'அபவுட்' பக்கத்தில் மாடல் நம்பரின் முதல் எழுத்தையும் பாருங்கள். 'எஃப்' என்றால் ஆப்பிளே புதுப்பித்தது, 'எம்' என்றால் புதிதாக விற்றது. 'ஆப்பிள் ரீஃபர்பிஷ்டு' என்று சொல்லி 'எம்' காட்டினால், புதுப்பித்தது ஆப்பிள் அல்ல.

பேட்டரியை நம்பிக்கையில் விடுவது

2024-க்கு முந்தைய ஐபேடுகளின் செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் (புதிதில் இருந்த கொள்ளளவில் எவ்வளவு மிச்சம் என்பது) காட்டாது. மேக்கில் 'கோக்கனட் பேட்டரி', விண்டோஸில் '3யூடூல்ஸ்' போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 80 சதவீதத்துக்குக் கீழே என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது வேறு எடுங்கள்.

சீரியல் நம்பர் இல்லாத பில்

வாங்காதீர்கள்.

உங்கள் ஐடியில் செட்டப் செய்து கொடுப்பது

தொலைந்த ஐபேடைத் தேடவும் பூட்டவும் உதவும் 'ஃபைண்ட் மை' உங்கள் பெயரில் ஏறிக்கொள்ளும். அப்புறம் பரிசு வாங்கியவர் ரீசெட் செய்யும்போதெல்லாம் உங்கள் பாஸ்வேர்டுதான் கேட்கும். சோதித்து முடித்ததும் மறுபடி அழித்து, 'ஹலோ' திரையோடு பேக் செய்யுங்கள்.

பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பே வாங்கி பீரோவில் வைப்பது

ரிட்டர்ன் நாள் பில் தேதியிலிருந்தே ஓடும்.