கட்டி முடிக்கப்படாத ரயில் பாதையைப் பாதுகாப்பாகச் சென்று பார்ப்பது எப்படி?

பல ஆண்டுகள் ரயில் ஓடி, பிறகு கைவிடப்பட்ட பாதையைப் பொறியாளர்கள் ஒரு காலத்தில் கட்டி முடித்து, சோதித்து, பராமரித்திருப்பார்கள். வேலை பாதியில் நின்றுபோன பாதைக்கு அந்தப் பாதுகாப்பு ஒருநாளும் கிடைத்ததில்லை. சுரங்கத்தின் கூரைக்குக் கட்டுமானம் இருக்காது; தண்ணீர் வடிய வழி இருக்காது; பல இடங்களில் மறுபக்க வாயிலே இருக்காது. ஆகவே இத்தகைய இடங்களுக்குப் புதிதாகச் செல்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் வால்ஹாலா நகருக்கு அருகிலுள்ள ஸ்டம்ப்ஹவுஸ் மலைச் சுரங்கத்தை முதல் பயணத்துக்குப் பரிந்துரைக்கிறேன். ஆண்டர்சன் நகரை டென்னசியின் நாக்ஸ்வில்லோடு இணைக்கத் திட்டமிடப்பட்ட புளூ ரிட்ஜ் ரயில் பாதைக்காக, 1850களில் பெரும்பாலும் ஐரிஷ் தொழிலாளர்கள் கருமருந்து என்னும் பழைய வகை வெடிமருந்தும் கைத்துளைப்பானும் கொண்டு இந்தக் கருங்கல் மலையைக் குடைந்தார்கள். பத்து லட்சம் டாலருக்கும் மேல் செலவான பின், 1859இல் மாநில அரசு மேற்கொண்டு பணம் தர மறுத்ததால் வேலை நின்றது. ஏறத்தாழ 25 அடி உயரமும் 17 அடி அகலமும் கொண்ட சுரங்கம் இன்று ஒரு பூங்காவுக்குள் இருப்பதால், அனுமதி பற்றிய குழப்பம் இல்லாமல் பழகிக்கொள்ள ஏற்றது.

படி 1: நிலம் யாருடையது என்று அறியுங்கள்

பழைய பாதையின் தடம் பூங்கா, தேசிய வனம், தனியார் தோட்டம் என்று மாறி மாறிச் செல்லக்கூடும். தனியார் நிலமென்றால் உரிமையாளரிடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். பூங்காவென்றால் திறந்திருக்கும் நேரத்தையும் மூடப்பட்ட பகுதிகளையும் கேட்டறியுங்கள். பாறை விழும் அபாயம் காரணமாகச் சுரங்கங்கள் திடீரென மூடப்படுவது உண்டு.

படி 2: தடத்தை வரைபடத்தில் தேடுங்கள்

தண்டவாளமோ சிலிப்பர் கட்டையோ ஜல்லியோ இங்கே கிடைக்காது. மண்ணின் வடிவம்தான் சான்று. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் இலவசமாகத் தரும் லைடார் (வானிலிருந்து லேசர் ஒளியால் தரையை அளந்து வரைந்த) நிலவரைபடங்களில் மரங்கள் நீக்கப்பட்டுத் தரை மட்டும் தெரியும். மேடு வரும் இடத்தில் வெட்டுப்பள்ளமும், தாழ்வு வரும் இடத்தில் கொட்டிய மண்கரையுமாக, மிக மெல்லிய சாய்வில் ஒரே சீராகச் செல்லும் கோடு தென்பட்டால், அது பெரும்பாலும் நீங்கள் தேடும் தடம். இயற்கையான ஓடை இவ்வளவு ஒழுங்காகப் போகாது. சுரங்கத் தடத்துக்கு மேலே மலைச்சரிவில் வட்டமான பள்ளங்கள் தெரிந்தால் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அவை மேலிருந்து தோண்டிய செங்குத்துக் குழிகளாக இருக்கலாம். இலைச் சருகு மூடிய குழியின் விளிம்பு கால் வைத்ததும் சரியும் என்பதால், அவற்றின் அருகே செல்லவே வேண்டாம்.

படி 3: தேவையானவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்

ஹெல்மெட், கணுக்காலை மூடும் காலணி, ஒருவருக்கு மூன்று விளக்குகள், உபரி பேட்டரி ஆகியவை கட்டாயம். கைப்பேசி வெளிச்சத்தை விளக்காகக் கணக்கில் சேர்க்காதீர்கள். கோடையிலும் ஸ்டம்ப்ஹவுஸ் சுரங்கத்துக்குள் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் குளிரே இருக்கும்; கிளெம்சன் பல்கலைக்கழகத்தார் ஒரு காலத்தில் நீலப் பாலாடைக்கட்டியை இங்கே பதப்படுத்தியது இந்தக் குளிரையும் ஈரத்தையும் நம்பித்தான். எனவே ஒரு மேலாடை வேண்டும். வேட்டைக் காலமென்றால் பளிச்சென்ற ஆரஞ்சு நிற உடை அணியுங்கள். எங்கே செல்கிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். தனியாகப் போகாதீர்கள்.

படி 4: வாயிலில் நின்று கவனியுங்கள்

தரையில் புதிதாக உடைந்த, பாசி படியாத கற்கள் கிடந்தால் கூரை இன்னும் உதிர்கிறது என்று பொருள், உள்ளே செல்லாதீர்கள். தேங்கிய நீர் கலங்கலாக இருந்தால் அதன் ஆழம் தெரியாது, இறங்காதீர்கள். மறுவாயில் இல்லாத சுரங்கத்தில் காற்றோட்டம் குறைவாக இருக்கலாம்; தலைவலியோ மூச்சுத்திணறலோ தோன்றிய உடனே வெளியேறுங்கள். கம்பிக்கதவு எங்கே இருக்கிறதோ அதுவே பயணத்தின் எல்லை.

உள்ளே சென்றபின் பக்கச் சுவரில் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். விரல் பதியும் அளவுக்கு அரைவட்டக் குழாய்கள்போல நீண்ட தடங்கள் தென்படும். ஒருவர் உளியைப் பிடித்துத் திருப்ப, மற்றவர்கள் சம்மட்டியால் அடித்து, கருமருந்து நிரப்பத் துளைத்த குழிகளின் மிச்சம் அவை. அந்த உழைப்பை நேரில் காண்பதற்கே இவ்வளவு முன்னேற்பாடும் தகும் என்பது என் எண்ணம்.

படி 5: எதையும் எடுக்காதீர்கள், எதையும் பரப்பாதீர்கள்

அமெரிக்கக் கூட்டரசுக்குச் சொந்தமான நிலத்தில் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியின்றி எடுப்பது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குளிர்காலத்தில் உறங்கும் வௌவால்களைத் தொந்தரவு செய்யாதீர்கள். வெண்மூக்கு நோய் என்னும் பூஞ்சைத் தொற்று வட அமெரிக்காவில் லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்றிருக்கிறது. அந்தப் பூஞ்சை நம் காலணியிலும் உடையிலும் ஒட்டி அடுத்த குகைக்குப் போகக்கூடும்.

எனவே திரும்பியதும் காலணிச் சேற்றை அங்கேயே தட்டிவிட்டு, வீட்டில் உடைகளை வெந்நீரில் துவையுங்கள். காட்டுப் புற்களில் உண்ணிகள் அதிகம் என்பதால் முழங்காலின் பின்புறம், அக்குள், தலைமுடி ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுண்ணிடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, நேராக மேலே இழுத்து எடுங்கள். வந்து சேர்ந்த செய்தியை, முன்பு சொல்லிவிட்டுச் சென்றவருக்கு உடனே தெரிவித்துவிடுங்கள்.