பட்டா நிலத்து நடுகல்லைப் பார்க்கப் போவது எப்படி

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் பல நடுகற்கள், அதாவது சண்டையில் இறந்த வீரர்களுக்காக நட்ட நினைவுக் கற்கள், தனியாருக்குச் சொந்தமான கொல்லைகளில்தான் நிற்கின்றன. 1958ஆம் ஆண்டு தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 18ஆம் பிரிவு பொதுமக்களுக்குப் பார்க்கும் உரிமை தருகிறது. ஆனால் அது மத்திய அரசு பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த சின்னங்களுக்கு மட்டும். நீங்கள் தேடிப் போகும் கல் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்காது. அங்கே நிலத்துக்காரர் சம்மதித்தால்தான் வழி.

முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள். சர்வே எண் தெரிந்தால் தமிழக அரசின் இணையவழி நிலப் பதிவேட்டில் அ-பதிவேடு எடுக்கலாம். பட்டாவா புறம்போக்கா என்று அதில் தெரிந்துவிடும். எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரையோ கிராம உதவியாளரையோ கேளுங்கள். பட்டா ஒருவர் பெயரில் இருக்கும், உழுவது குத்தகைக்காரராக இருக்கும். இருவரிடமும் கேட்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போய் வரப்பில் வாக்குவாதத்தில் மாட்டுபவர்கள் நிறைய.

கேட்கும்போது சுருக்கமாகக் கேளுங்கள் (நடுகல்லை இந்தப் பக்கத்தில் வேடியப்பன் என்று கும்பிடுவார்கள்): "அண்ணா, உங்க கொல்லையில இருக்குற வேடியப்பன் கல்லைப் பாத்துட்டு போட்டோ எடுத்துக்கிறோம். நாலு பேரு, அரை மணி நேரம். நாங்க கவர்மென்ட் ஆளுங்க இல்ல. எந்தப் பக்கமா போகலாம்?" கடைசிக் கேள்வி முக்கியம். விதைத்த பாத்தி, சொட்டுநீர்க் குழாய், காட்டுப்பன்றிக்குப் போட்ட மின்வேலி எல்லாம் எங்கே என்று அவருக்குத்தான் தெரியும். வேலிக் கம்பியைத் தொடவே தொடாதீர்கள். படலைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள்.

"கல்லைக் காட்டினா நிலத்தைப் புடுங்கிடுவாங்களா?" என்று அவர் கேட்பார். மழுப்பாதீர்கள். மத்திய அரசு பாதுகாத்த சின்னமானால், அந்த 1958 சட்டத்தின் 2010 திருத்தப்படி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டடம் கட்டத் தடை, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். பார்த்துவிட்டுப் போவதாலேயே எந்தக் கல்லும் பாதுகாக்கப்பட்ட சின்னமாகிவிடாது. நிலம் போய்விடும் என்ற பயத்தில்தான் சில கற்கள் இரவோடு இரவாகக் கிணற்றுக்குள்ளும் வரப்புக்கு அடியிலும் போகின்றன.

போக நல்ல காலம், அறுவடை முடிந்த தை, மாசி. மழைக்குப் பிறகு புல் முழங்கால் உயரம் நிற்கும். பாம்பும் தெரியாது, கல்லின் அடிப்பகுதியும் தெரியாது. நேரம் காலை 7 முதல் 8.30 வரை, அல்லது மாலை 4.30க்கு மேல். உச்சி வெயிலில் எழுத்து தட்டையாகிவிடும். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் பழைய தமிழ் எழுத்து வடிவமான வட்டெழுத்தின் வளைவுகள் எழும். வெயில் சரியான பக்கம் இல்லையென்றால் ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கல்லின் ஓரத்தில் பிடித்து ஒளியைச் சாய்த்து விடட்டும்.

சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் தேய்க்காதீர்கள். எழுத்துப் பள்ளத்தில் அடைந்தது லேசில் வெளியே வராது. வழித்தெடுக்கப் போனால் கல்லே உதிரும். செருப்பைக் கழற்றுங்கள், கும்பிடுகிற கல் அது. வீரனை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் ஓரங்களையும் பாருங்கள். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு நிற்கும் நாயின் பக்கத்தில் தனியாக எழுத்து இருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதை அந்த எழுத்துதான் சொல்கிறது. ஒரு கை மஞ்சளும் சுண்ணாம்பும் பூசினால் அப்படிப்பட்ட பெயர் மறைந்துவிடும்.

படம் எடுக்கும்போது 10 செ.மீ. அளவுகோல் ஒன்றைக் கல்லில் ஒட்டாமல் பக்கத்தில் வையுங்கள். இணையத்தில் போடும்முன் படத்திலிருந்து இடக்குறியை (ஜிபிஎஸ் விவரத்தை) நீக்குங்கள், கிராமப் பெயரோடு நிறுத்துங்கள். புதையல் தேடுகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் கடப்பாரையோடு வருவார்கள். மண்ணுக்குள்ளிருந்து ஏதாவது தட்டுப்பட்டால் தோண்டாதீர்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

திரும்பி வந்ததும் நல்ல படம் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு, எழுத்தைப் படித்தவர்கள் சொன்ன பொருளை அடியில் எழுதி, நிலத்துக்காரர் வீட்டில் கொடுங்கள். கல்லில் என்ன இருக்கிறது என்று அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்தால், நிலம் சமன் செய்ய ஜேசிபி வரும் நாளில் "அதைச் சுத்தி ஓட்டுங்க" என்று சொல்ல ஆள் இருக்கும்.