விடவே மாட்டேன் என்ற ஹிஞ்ச் ரிலீஸ்

வில்வித்தையில், குறி இலக்கின் நடு மஞ்சளைத் தொட்டதும் பதறிப்போய், நாணைப் பிடித்து விடும் ரிலீஸ் கருவியின் பட்டனை அமுக்கும் பழக்கம் எனக்கு. அது போகட்டும் என்று, பட்டனே இல்லாத, கையில் மெல்லச் சுழன்றால் நாணை விடும் ஹிஞ்ச் ரிலீஸுக்கு மாறினேன். பழக்கம் போனது, அம்புதான் போகவில்லை. தாடையில் கையை நிறுத்தி முதுகை இறுக்கினால், விடப்போகிறது என்று சொல்லும் ‘க்ளிக்’ கேட்கும், அதோடு சரி. கை நடுங்கி, வில்லை மெல்ல இறக்கிவிடுவேன்.

முதலில் ரிலீஸின் உள்ளே கொக்கியைத் தாங்கும் அரைநிலாத் துண்டைத் திருகி, சீக்கிரம் விடும்படி வைத்தேன். பாதி இழுக்கும்போதே விட்டுவிட்டது. என் முஷ்டி என் உதட்டிலேயே! அப்புறம் நாலு விரல் மாடலைக் கடன் வாங்கியதில் மூன்று நாள் வீண்.

பின்னாலிருந்து எடுத்த வீடியோவில்தான் பிடிபட்டது. மணிக்கட்டு வளைந்து, விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. முன்கை இப்படி இறுகினால், தோள்பட்டை எலும்பு எவ்வளவு நகர்ந்தாலும் ரிலீஸ் சுழலாது.

வில்லை ஓரமாக வைத்துவிட்டு, என் இழுவை நீளத்துக்கு ஒரு கயிற்று வளையம் கட்டி, ரிலீஸை அதில் மாட்டிப் பழகினேன். இழுக்கும்போது பாரம் ஆள்காட்டி விரலிலும் கட்டைவிரல் வைக்கும் முளையிலும் இருக்க வேண்டும். தாடைக்கு வந்தபின் கட்டைவிரலை எடுத்து, ஆள்காட்டி விரலைத் தளர்த்தி, பாரத்தை மற்ற விரல்களுக்கு விட வேண்டும். புறங்கை தட்டையாக, தளர்வாக.

நாலாம் நாள் வில்லோடு, இலக்குக்கு ஐந்தடி தூரத்தில் நின்று இழுத்தேன். எப்போது விட்டது என்று எனக்கே தெரியவில்லை.